நின்ற இடத்திலிருந்து பேசுவது

நாற்காலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் இடது கை ஆடும். கோபம் வந்தால் அதில் தட்டாதீர்கள். கழன்று உங்கள் கையோடு வந்துவிடும், வகுப்பே சிரிக்கும், பட்ட கோபம் வீணாகிவிடும். ஜன்னல் பக்கம் உட்காருகிறவர்களிடம் கேள்வி கேட்காதீர்கள். கீழே டயர் ரீட்ரேடிங் கடையில் கம்ப்ரஸர் ஓடுகிறது. நீங்கள் சொல்வது அவர்களுக்குக் கேட்காது, அவர்கள் சொல்வது உங்களுக்குக் கேட்காது, இருவரும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாடம் எப்படி நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் நீங்கள் இருவரும் முறையாக ஆங்கிலம் படித்தவர்கள். நான் ஒரு நூற்பாலையில் குமாஸ்தாவாக இருந்து, ஆலை மூடியதும் ஆங்கிலத்தைப் பிடித்துக் கரையேறியவன். திருச்செங்கோட்டில் இந்த மாடியில் இத்தனை வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிஞ்சியிருப்பது, நான் பயந்த கதைகள். கையிருப்பு நிறைய. ஒன்றிரண்டைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

போவதற்குக் காரணம் தொண்டை. பேச்சைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் குறைக்க ஒன்றும் இல்லை. என் மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் பேத்தியை வளர்க்கிறாள், நான் இங்கே ஒரு குக்கரை வளர்க்கிறேன். அது விசில் அடிக்கிறது. நான் அதற்குப் பதில் சொல்ல இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆகவே குறைப்பதற்கு வகுப்புதான் அகப்பட்டது.

இங்கே வருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவீர்கள். ரிக் வண்டியோடு போர்வெல் போடப் போகிறவர், லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறவர், தறி ஓட்டுகிறவர், யாராக இருந்தாலும் சரி, தன்னைப் பற்றிச் சில வரிகளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு எழுந்து நிற்பார். ‘மை நேம் இஸ்’ என்று கிளம்பி, ஊரைச் சொல்லி, படிப்பைச் சொல்லி, அதற்கடுத்த வரியில் ஒரு வார்த்தை அகப்படாது. நிற்பார். மின்விசிறியைப் பார்ப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து போவார் என்று நினைக்கிறீர்கள். போக மாட்டார். மறுபடி ‘மை நேம் இஸ்’ என்று கிளம்புவார். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்த பழக்கம். நடுவில் தடுக்கினால் வாத்தியார் “மொதல்ல இருந்து சொல்லு” என்பாரே, அந்த ‘மொதல்ல இருந்து’ தலை நரைத்தாலும் நம்மை விடுவதில்லை. சேலத்திலிருந்து வரும்போது சங்ககிரியில் பஸ் பஞ்சரானால் யாரும் சேலத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி டிக்கெட் எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எடுப்போம்.

எனக்கும் அந்த வியாதி இருந்தது. வேலை கேட்டு வந்த அன்று, மாதிரி வகுப்பு ஒன்று எடுக்கச் சொன்னார் இந்த நிலையத்தை ஆரம்பித்தவர். கடைசி பெஞ்சில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ‘குட் மார்னிங்’ சொன்னேன். அடுத்து என்ன என்று மறந்துபோயிற்று. மறுபடி குட் மார்னிங் சொன்னேன். வழி திறக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் சொன்னேன். அவர் எழுந்து வந்து, “மத்தியானம் ஆவறதுக்குள்ள அடுத்த வார்த்த வந்துருமுங்களா?” என்று கேட்டார். போகச் சொல்கிறார் என்று செருப்பைத் தேடினேன். “எங்க போறீங்க? வர்றவங்க எல்லாம் உங்கள மாதிரிதான் நிப்பாங்க. நின்னவனுக்குத்தான் நிக்கறவன் கஷ்டம் தெரியும்” என்று வேலையைக் கொடுத்துவிட்டார். ஆங்கிலம் தெரியும் என்பதற்காக அல்ல, பயம் தெரியும் என்பதற்காக நியமிக்கப்பட்டவன் நான்.

அதனாலோ என்னவோ, நின்றதை மறுபடி நடத்துகிற வினைச்சொற்களுக்கென்றே ஒரு நாள் வகுப்பு வைத்திருந்தேன். புத்தகம் அவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டு, ‘தொடர்’ என்று பொருள் எழுதிக் கையைக் கழுவிக்கொள்ளும். நான் பிரித்துவைப்பேன். கன்டினியூ சாதுவான சொல், நடுவில் நின்றாலும் நிற்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. ரெஸ்யூம் அப்படியில்லை, எங்கேயோ நிச்சயமாக நின்றிருக்க வேண்டும். கரண்ட் போய்த் தறி நிற்கிறது, கரண்ட் வந்ததும் அதே இழையில் ஓடுகிறது, அது ரெஸ்யூம். புரொசீட் என்பது செக்போஸ்டில் காகிதத்தைப் பார்த்துவிட்டு லாரியைப் போகச் சொல்வது. கேரி ஆன் என்றால், நடுவில் யாரோ வந்துவிட்டார்கள், பரவாயில்லை, நீ உன் வேலையைப் பார். கோ ஆன் என்பதைக் கேட்கிறவர்களுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தேன். எதிரில் ஒரு காது இருந்தால்தான் அதற்கு வேலை.

பிக் அப் என்று ஒன்று உண்டு. விட்ட இடத்தில் கையை வைத்து மறுபடி எடுத்துக்கொள்வது. அதற்கு உதாரணம் தேடும்போதெல்லாம் என் வீடுதான் முன்னால் வந்து நிற்கும். மனைவி சாயங்காலம் போன் செய்வாள். நான் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பேன். பேத்தி அழுவாள். “அப்பறம் பேசறனுங்க” என்று வைத்துவிடுவாள். மறுநாள் கூப்பிடும்போது அந்த விட்ட இடத்தை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. “சாப்ட்டீங்களா” என்று மறுபடி முதலிலிருந்து.

“உங்களுக்கெல்லாம் வியாதி இங்கிலீஷ்ல. எனக்குத் தமிழ்லயே” என்பேன் வகுப்பில். சிரிப்பார்கள்.

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை செய்யும் கவிதா என்ற பெண் ஒரு முறை சிரிக்கவில்லை. “ஏனுங்க சார், விட்ட எடத்த நீங்க எடுத்தா ஆகாதுங்களா? அவிங்கதான் எடுக்கோணுமா?” என்றாள்.

“இது சிலபஸ்ல இல்ல” என்று போர்டைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கவிதாதான் என் இன்னொரு குறையையும் கண்டுபிடித்தவள். எனக்கு மௌனம் ஆகாது. ஒரு மாணவன் பேச்சு நடுவில் நின்றால், அவன் தேடுகிற வார்த்தையை அவனுக்கு முன்னால் நான் எடுத்து நீட்டிவிடுவேன். வார்த்தை இல்லாவிட்டால் ஒரு ஜோக். வெளியே இதற்கு ‘சார் ரொம்ப கலகலப்பு’ என்று பெயர். “சார் பயந்துட்டாருங்க, ஜோக்கு ஜாஸ்தி வருது பாருங்க” என்று அவள் பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது எனக்குக் கேட்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதலில் டி.வி.யைப் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறவன் நான், அவள் சொன்னது பொய்யில்லை.

இப்போது சின்னுசாமி கதைக்கு வருகிறேன்.

சின்னுசாமி மல்லசமுத்திரம் பக்கத்துக்காரர். ரிக் வண்டியில் டிரில்லர், அதாவது பூமியைத் துளைக்கும்போது லீவரைப் பிடிக்கிறவர். வடக்கே பல மாநிலங்களில் போர்வெல் போட்டுவிட்டு வந்தவர். இரண்டு வருஷமாக வண்டி ஏறவில்லை. மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸுக்குச் சேலம் கூட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார். பிறகு அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆப்பிரிக்காவில் தண்ணீர்க் கிணறு தோண்டும் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது, வீடியோவில் இன்டர்வியூ, ஆங்கிலம் பேச வேண்டும் என்று கேள்விப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

“இந்த வயசுல எதுக்குங்க ஆப்பிரிக்கா? பக்கத்துல கர்நாடகா போகலாமே” என்றேன்.

“பக்கத்துல இருந்தா மாசாமாசம் ஊட்டுக்கு வரோணுமுங்க சார்” என்றார். பிறகு, “ஊட்ல ஒரு சத்தமும் இல்லீங்க. ரிக்குப் பக்கத்துல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வருமுங்க” என்றார்.

நான் உடனே ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று நினைவில்லை. நல்ல ஜோக்காக இருந்திருக்காது.

அவருக்கு முன்னால் இருந்த கண்டம் அந்த இரண்டு வருஷ இடைவெளி. ஏன் வேலை செய்யவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். கூட்டிவிட்ட ஏஜென்ட் வேறு, இந்த வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, இது போனால் அடுத்ததற்கு உங்கள் பெயரைக் கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தார். உள்ளதைச் சொல்லிவிடலாமே என்றேன். சின்னுசாமி ஒப்பவில்லை.

“பாவம்னு பாத்துக் குடுக்கற வேல வேண்டாங்க சார். காடு பாத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லிக் குடுங்க. காடு இருக்குதுங்க, மரவள்ளியும் போட்டிருக்குதுங்க. பொய் இல்லீங்க.”

அப்படியே ஒரு வரி செய்துகொடுத்தேன். சொந்த நிலத்தில் விவசாயத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன், இப்போது என் தொழிலை ரெஸ்யூம் செய்ய விரும்புகிறேன் என்று, இஸ்திரி போட்டது போல ஒரு ஆங்கில வாக்கியம். மனப்பாடமும் செய்தார். ஆனால் வியாதி அவருக்கு முற்றிய நிலையில் இருந்தது. ஒவ்வொரு முறை தடுக்கியதும் ‘மை நேம் இஸ் சின்னுசாமி’க்குத் திரும்பிவிடுவார். “அண்ணா, உங்க பேரு எங்க எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிருச்சுங்க. வேற ஏதாவது சொல்லுங்க” என்றாள் கவிதா. அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, பெயரிலிருந்து ஆரம்பித்தார்.

இன்டர்வியூ ஒரு மதியம், இதே அறையில். லேப்டாப் இந்த மேசைமேல். “நீங்க பக்கத்துல இருங்க சார். பேச வேண்டாம், இருந்தாப் போதும்” என்று கேட்டுக்கொண்டார். பேசாமல் இருப்பதா என்று எனக்குக் கொஞ்சம் மயக்கமாக வந்தது. சரி என்றேன். காமிராவில் விழாமல், மோடம் இருக்கிற பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தேர்வு அவருக்கு, புதுச் சட்டை நான் போட்டிருந்தேன். அவருக்கென்று வைத்த தண்ணீரையும் ஆரம்பிப்பதற்கு முன்பே நான் குடித்துவிட்டேன்.

திரையில் ஒரு அம்மா வந்தார். பெரிய கண்ணாடி, நிதானமான குரல். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சின்னுசாமி ‘மை நேம் இஸ்’ என்று கிளம்பினார். ஊர் தாண்டியதும் நின்றார். பெயருக்குத் திரும்பினார். அந்த அம்மா சிரித்தார். அதே இடத்தில் மறுபடி நின்று, மறுபடி திரும்பினார். இந்த முறை சிரிப்பு கொஞ்சம் இளைத்திருந்தது. இன்னொரு முறை திரும்பினால் அது முற்றிலும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. சின்னுசாமிக்கும் தெரிந்தது.

நல்லவேளையாக அந்த அம்மாவே வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அங்கே சின்னுசாமிக்கு மனப்பாடம் தேவைப்படவில்லை. பாறை, ராடு, காற்று என்று பாதி வார்த்தையும் மீதி கையுமாகச் சமாளித்தார். அந்தக் கைகளை அந்த அம்மா கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வர ஆரம்பித்தது. அப்போது கேட்டார், இரண்டு வருஷம் வேலை செய்யவில்லையே, ஏன்?

‘ஐ வாஸ் இன் மை’ என்றார் சின்னுசாமி. நின்றுவிட்டார்.

நிலம் என்ற வார்த்தைதான் அடுத்து வர வேண்டும். வரவில்லை. என் பயத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் மோடத்தின் ஸ்விட்சில் விரலை வைத்தேன். அணைத்துவிட்டுக் கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாம், தமிழ்நாட்டைப் பற்றி ஆப்பிரிக்காவில் யாருக்குத் தெரியப்போகிறது. இன்னொரு கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது, வார்த்தையை எழுதிக் காட்டிவிடலாம் என்று. அகப்பட்டது பேனா அல்ல, தொண்டை மாத்திரை. அதைப் பார்த்ததும் இருமலாமே என்று தோன்றியது, எனக்குத்தான் தொண்டைச் சான்றிதழ் இருக்கிறதே. இருமலோடு சேர்த்து வார்த்தையையும் வெளியே விட்டுவிடலாம்.

இவ்வளவும் யோசித்துக்கொண்டே சின்னுசாமியின் முகத்தைப் பார்த்தேன். இங்கேதான் உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது.

வார்த்தையைத் தேடுகிறவன் மேலே பார்ப்பான். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், எல்லாரும் அந்த மின்விசிறியில்தான் ஆங்கிலத்தைத் தேடுவார்கள். சின்னுசாமி மேலே பார்க்கவில்லை. குனிந்து, மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வார்த்தை கிடைக்காமல் இல்லை. கிடைத்துவிட்டது, தூக்க முடியவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அதைப் பார்க்கிற அளவுக்கு ஒரு தடவைகூட வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை, அவ்வளவுதான்.

மாத்திரையைப் பையில் போட்டேன். விரலை ஸ்விட்சிலிருந்து எடுத்தேன். கை சும்மா இருக்காது என்று தெரிந்ததால் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கீழே கம்ப்ரஸரும் அந்த நேரம் பார்த்து நின்றுபோயிற்று. என் வீட்டில் டி.வி.யைப் போடுவதற்கு முன்னால் இருக்குமே ஒரு அமைதி, அது படியேறி இங்கே வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது போல் இருந்தது. இருக்கட்டும் என்று இருந்தேன். திரையில் அந்த அம்மாவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, ‘கோ ஆன்’ என்றார்.

‘மை’ என்றார் சின்னுசாமி. பெயருக்குத்தான் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

‘மை ஒய்ஃப்’ என்றார். ‘சிக், மேடம். டூ இயர்ஸ். ஐ ஸ்டாப் ரிக். ஹாஸ்பிடல், ஊடு, ஹாஸ்பிடல், ஊடு.’ ஊடு என்பதை ஆங்கிலம் என்றே நினைத்துச் சொன்னார். அந்த அம்மாவும் புரிந்தது போலத் தலையசைத்தார். ‘நவ் ஷி இஸ் நாட் தேர். ஐ கேன் கம்.’

அந்த அம்மா வருத்தம் தெரிவித்தார். பிறகு, இவ்வளவு நாள் கழித்துக் கைக்கு வேலை நினைவிருக்குமா என்று கேட்டார். சின்னுசாமி கைகள் இரண்டையும் தூக்கிக் காமிராவுக்குக் காட்டி, ‘ஹேண்ட் நோ ஃபர்கெட், மேடம்’ என்றார். அதற்குப்பின் பாஸ்போர்ட், தடுப்பூசி என்று பேச்சு போயிற்று.

மாணவர் நின்றால் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். மேலே போனால் வார்த்தையைக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், அதற்குத்தான் சம்பளம். கீழே போனால் உங்கள் வாயில் எதையாவது போட்டு அடைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாம் கொடுக்கிற வார்த்தை அவருடைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவர் வெளியே நிற்பார். எனக்குத் தெரிந்த கல்வி முறை இவ்வளவுதான்.

வேலை கிடைத்ததா என்று கேட்க நினைக்கிறீர்கள். கிடைத்தது. பாவம் பார்த்தார்களா, பாறையைப் பற்றிச் சொன்னதைப் பார்த்தார்களா என்று சின்னுசாமியே என்னிடம் கேட்டார். பாறைதான் என்று அடித்துச் சொன்னேன். எனக்கு நிஜம் தெரியாது என்பதால் அது பொய்யில் சேராது. இப்போது அங்கேயிருந்து அவ்வப்போது குரல் பதிவு அனுப்புகிறார். பின்னால் ரிக் ஓடும் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்காது. நன்றாகத் தூங்குகிறார் என்று தெரிந்துகொள்வேன்.

ஆனால் முடிவு தெரியாத அந்த மதியத்தைச் சொல்லி முடிக்கிறேன். லேப்டாப்பை மூடியாயிற்று. “போயிட்டு வாரனுங்க” என்றார் சின்னுசாமி. எழுந்திருக்கவில்லை. டிபன் பையை மடியில் வைத்து, அதன் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸுக்கு நேரமாகலீங்களா?” என்றேன்.

“ஆவுதுங்க” என்றார். பையின் காதை விடாமல், “ஊட்டுக்குப் போனா, என்ன ஆச்சுன்னு கேக்க ஆளில்லீங்க சார். அவ இருந்திருந்தா வாசல்லயே புடிச்சு நிறுத்திக் கேட்ருப்பா” என்றார்.

நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வந்துவிட்டது. தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன். ஸ்டூலை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“என்னங்க ஆச்சு?” என்றேன்.

“நீங்க பக்கத்துலதானுங்களே இருந்தீங்க.”

“இருந்தனுங்க. பயத்துல பாதிய நான் பாக்கல. சொல்லுங்க.”

கேலி செய்கிறேனா என்று என்னைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார். காலையில் மல்லசமுத்திரத்தில் பஸ் கிடைக்காததிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பஸ்ஸில் யார் இடம் கொடுத்தார்கள், மாடிப்படிகளை எண்ணிக்கொண்டே எப்படி ஏறினார், திரையில் வந்த அம்மா அவருடைய பெரியம்மா சாயலில் இருந்தது என்று ஒன்றையும் விடவில்லை. எங்கும் தடுக்கவும் இல்லை. இரண்டு வருஷக் கேள்விக்கு வந்தார்.

“அப்பப் பாத்து எனக்கு வாயே வரலீங்க. பக்கத்துல எங்க சார் உக்காந்திருந்தாருங்க” என்றார் என்னிடமே. “நல்ல மனுசன். ஆனா வாய் சும்மா இருக்காது. எங்க இந்த மனுசன் குறுக்க உளுந்து காரியத்தக் கெடுத்துப்போடுவாரோன்னு எனக்கு ஒரே பயமுங்க.”

“அப்பறம்?” என்றேன்.